ஒட்டிய படம் ஏன் மிதக்கிறது? நகரும் காட்சியில் படத்தைப் பொருத்த ஓர் அறிமுகம்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வாழ்த்து வீடியோக்களைக் கவனித்துப் பாருங்கள். பின்னணியில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஒளியூட்டு, கூட்டம், கடை வரிசை. நடுவே யாரோ சேர்த்த ஒரு மயில் அல்லது குத்துவிளக்கு. கேமரா வலப்பக்கம் திரும்பும்போது கடைகளெல்லாம் இடப்பக்கம் நகர்கின்றன. மயில் மட்டும் திரையில் போட்ட இடத்திலேயே நிற்கிறது. வேறு சில வீடியோக்களில் அது சுவரோடு சேர்ந்து போக முயன்று, கொஞ்சம் பின்தங்கி, வழுக்கிக்கொண்டே வருகிறது. எடிட்டிங் பற்றி எதுவுமே தெரியாத அத்தைகூட "என்னப்பா, ஒட்டுன மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார்.

கண் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நிறம் கொஞ்சம் மாறினால் பொறுத்துக்கொள்ளும். ஓரம் சற்றுப் பிசிறடித்தாலும் விட்டுவிடும். ஒரே சுவரில் இருக்க வேண்டிய இரண்டு பொருள்கள் இரண்டு வேகத்தில் நகர்ந்தால் மட்டும் உடனே பிடித்துவிடும். அந்த வழுக்கலைப் போக்க, காட்சியின் அசைவைப் பின்தொடர்ந்து அளப்பதற்குப் பெயர்தான் டிராக்கிங். எந்த மென்பொருளில் செய்தாலும் அடியில் நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே என்பதால், அந்த அடிப்படையைப் பார்த்துவிடுவோம். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

பேச ஒரு காட்சி வேண்டும். லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீடு இருக்கிறதே, 1900இல் கட்டியது, கதவும் சன்னலும் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும், எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வீடு, அதையே எடுத்துக்கொள்வோம். எதிரில் நின்று கைபேசியை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பி 10 விநாடி எடுத்திருக்கிறீர்கள். இரண்டு சன்னல்களுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு மயில் வரைந்திருப்பது போலக் காட்ட வேண்டும். மயில் உங்களிடம் ஒரு சாதாரணப் புகைப்படமாக இருக்கிறது.

வெட்டுவது ஒரு வேலை, நகர்த்துவது வேறு வேலை

முதலில் மயிலை அதன் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டும். மாஸ்க் என்பது "இந்தப் பகுதி தெரியட்டும், மற்றது மறையட்டும்" என்று சொல்லும் ஒரு வரைகோடு. அந்தக் கோடு கடைசியில் எண்ணாகத்தான் மாறுகிறது. படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் (படத்தை உண்டாக்கும் சிறு புள்ளிக்கும்) சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. அவற்றோடு ஆல்ஃபா என்று நான்காவது எண் ஒன்றைச் சேர்க்கிறோம். சாதாரண 8 பிட் படத்தில் அது 0 என்றால் அந்தப் பிக்சல் தெரியவே தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும், நடுவில் இருந்தால் பின்னால் உள்ளதோடு கலந்து தெரியும். 1970களின் இறுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கிய யோசனை இது. இன்றைக்குக் கைபேசிச் செயலியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற பிள்ளையும் இதே நான்காவது எண்ணைத்தான் பயன்படுத்துகிறது.

மயிலின் ஓரத்தில் ஆல்ஃபா 255இலிருந்து 0க்குச் சட்டென விழுந்தால் கத்தரிக்கோலால் வெட்டியது போல் தெரியும். ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் மெல்ல விழுந்தால் இயல்பாக இருக்கும். இதற்குத்தான் ஃபெதர் என்ற தெரிவு. அதிகம் வைத்தால் மயிலைச் சுற்றி ஒளிவட்டம் கட்டியது போல் ஆகிவிடும். மயில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படமாக இருந்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு வரும். மாஸ்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். சேமிக்கும்போது பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது, இவ்வளவு நேரம் வெட்டியது வீணாகிவிடும்.

சரி, மயில் தயார். பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அடுத்ததுதான்.

மாஸ்கும் டிராக்கிங்கும் சந்திக்கும் சூழல்கள் இரண்டு. ஒன்றில், ஓடும் காட்சிக்கு உள்ளேயே ஒரு பொருளைச் சுற்றி மாஸ்க் போடுகிறோம். நடந்து வருகிறவரின் முகத்தை மங்கலாக்குவது போன்ற வேலை. அங்கே மாஸ்க்தான் நகர வேண்டும். இன்னொன்றில், மாஸ்க் போட்டு முடித்த ஒரு அசையாப் படத்தை, ஓடும் காட்சியின் மேல் ஒட்டி நகர்த்துகிறோம். அங்கே மாஸ்க் படத்தைவிட்டு ஓர் இம்மிகூட நகரக் கூடாது; படமும் மாஸ்கும் ஒன்றாகச் சேர்ந்து நகர வேண்டும். நம் மயில் இரண்டாவது வகை.

பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் மாஸ்க் வரைந்ததும் பக்கத்திலேயே ஒரு டிராக் அம்பு தெரியும். மயில் படத்தில் மாஸ்க் வரைந்துவிட்டு அந்த அம்பை அழுத்தினால் மென்பொருள் தேடுவது மயில் கிளிப்புக்கு (டைம்லைனில் வைத்த துண்டுக்கு) உள்ளே நடக்கும் அசைவை. மயிலோ புகைப்படம். அதில் எதுவும் அசையவில்லை. ஆகவே மாஸ்கும் அசையாது. கீழே இருக்கும் வீடு நகர்வது அந்த அம்புக்குத் தெரியவே தெரியாது. "டிராக் பண்ணேன், ஒண்ணும் ஆகல" என்று வரும் புலம்பல்களில் பெரும்பகுதி இதுதான். டிராக் செய்ய வேண்டியது வீடு இருக்கும் கிளிப்பை. அங்கே கிடைக்கும் அசைவைக் கொண்டுவந்து மயிலுக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் விவரங்கள்தான்.

இந்தக் குழப்பம் வராமலிருக்க நான் எப்போதும் மாஸ்க் வேலையைத் தனியாக முடித்து, பின்னணியற்ற பிஎன்ஜி ஆக்கி, அதையே எடிட்டிங்குக்குள் கொண்டுவரச் சொல்வேன். மாஸ்க் பட்டனே கண்ணில் படாவிட்டால் அதைத் தவறாக அழுத்தவும் முடியாது அல்லவா?

டிராக்கர் எதைப் பார்க்கிறது?

டிராக் செய்யும் கருவியான டிராக்கருக்குச் சன்னல் என்றால் என்ன, சுவர் என்றால் என்ன என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நெரிசலுக்குள் நண்பனைச் சட்டையின் நிறத்தை மட்டும் வைத்துத் தேடுகிறோமே, அந்த மாதிரிதான் அது தேடுகிறது. அதே நிறச் சட்டையில் இன்னொருவர் வந்தால் அவர் பின்னால் போய்விடும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு டிராக் புள்ளியை வைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டிகள் தெரியும். உள்பெட்டிக்குள் இருக்கும் பிக்சல்களின் வடிவத்தை மென்பொருள் மனப்பாடம் செய்துகொள்கிறது. அடுத்த ஃபிரேமில் (வீடியோவின் அடுத்த தனிப்படத்தில்) வெளிப்பெட்டியின் எல்லைக்குள் அந்த வடிவம் எங்கே அதிகம் பொருந்துகிறது என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்கிறது. பொருந்திய இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேம், அதற்கடுத்த ஃபிரேம் என்று போய்க்கொண்டே இருக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் நம் 10 விநாடிக் காட்சியில் 250 ஃபிரேம்கள். கையால் செய்தால் 250 தடவை மயிலை நகர்த்தி வைக்க வேண்டிய வேலை.

வெளிப்பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதைப் பொறுத்தது. 1920 பிக்சல் அகலமுள்ள காட்சியில் ஒரு பொருள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2 விநாடியில் போகிறது என்றால், 50 ஃபிரேமில் 1920 பிக்சல், ஃபிரேமுக்கு ஏறத்தாழ 38. வெளிப்பெட்டி உள்பெட்டியைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 40 பிக்சலாவது நீண்டிருக்க வேண்டும். 20தான் இருக்கிறது என்றால் முதல் ஃபிரேமிலேயே கோட்டைவிடும். அதற்காகப் பெட்டியைத் திரை முழுக்க இழுத்துவிடாதீர்கள். வேலை மெதுவாகும் என்பது ஒரு பக்கம். தேடும் பரப்பு பெருகப் பெருக வேறெங்கோ இருக்கும் அதே போன்ற வடிவத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. வெற்றுச் சுவரில் வைத்தால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் டிராக்கர் மனம்போன போக்கில் அலையும். நேர்கோட்டில் வைப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு மோசம், ஆனால் இது உடனே புரியாது. ஒரு சன்னல் சட்டத்தின் செங்குத்து விளிம்பு மட்டும் உள்பெட்டிக்குள் இருக்கிறது என்று வையுங்கள். பெட்டியை இடவலமாக நகர்த்தினால் பொருத்தம் கெடும். மேலும் கீழும் நகர்த்தினால்? கோடு அதே கோடுதான். எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. விளிம்பு நெடுகிலும் வழுக்கும். சட்டத்தின் மூலையில் வைத்தால் இரண்டு திசையிலும் மாற்றம் இருக்கிறது, வழுக்க இடமில்லை. புரூஸ் லூகாஸ், டகேயோ கனாடே இருவரும் 1981இல் வெளியிட்ட முறைதான் இன்றைய பல டிராக்கர்களுக்கு அடித்தளம். 1994இல் ஷி, டொமாசி இருவரும் எந்த மாதிரிப் புள்ளிகள் டிராக் செய்ய நல்லவை என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். அந்தக் கணக்கின் சாரமும் இதுதான்: இரு திசையிலும் வெளிச்சம் மாறும் இடம் வேண்டும்.

மூலையாக இருந்தால் மட்டும் போதாது, அக்கம்பக்கத்தில் அதற்கு இரட்டை இருக்கக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் முகப்பை எடுத்தவர்களுக்கு இது புரியும். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே நிறத்தில் சன்னல்கள். கேமரா கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் டிராக்கர் ஆறாவது மாடிச் சன்னலை விட்டு ஏழாவது மாடிக்குத் தாவிவிடும், நூறு சதவீதப் பொருத்தம் என்று வேறு சொல்லும். கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் உள்ள பூ டைல்களும் இதே ரகம். ஒளியூட்டு விளக்குகள் பளிச்சென்று இருக்கின்றனவே என்று அவற்றில் வைக்கத் தோன்றும். அவை நிறம் மாறிக்கொண்டும் அணைந்து எரிந்துகொண்டும் இருந்தால், மனப்பாடம் செய்த வடிவம் அடுத்த ஃபிரேமிலேயே காணாமல் போகும். விளக்கைத் தாங்கும் கம்பியும் இன்னொரு கம்பியும் சேரும் முடிச்சில் வையுங்கள்.

கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பு, ஈரத் தரையில் தெரியும் வெளிச்சம் இவற்றைத் தொடவே வேண்டாம். அவை அந்தப் பரப்போடு சேர்ந்து நகர்வதில்லை.

இன்னொன்று, தூரம். காட்சியை நடந்துகொண்டே எடுத்திருந்தால் அருகில் உள்ள தூண் வேகமாகவும் பின்னால் உள்ள சுவர் மெதுவாகவும் நகரும். மயில் இருக்க வேண்டியது சுவரில். தூணில் நல்ல மூலை கிடைக்கிறதே என்று அங்கே டிராக் செய்தால், கணக்கில் ஒரு பிழையும் இல்லாமல் தவறான அசைவு கிடைக்கும். படம் எங்கே ஒட்டப்போகிறதோ அந்தப் பரப்பிலேயே புள்ளியும் இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே திருப்பி எடுத்த காட்சியில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆரம்பத்தில் அப்படி எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, நான்கு புள்ளி

ஒரே புள்ளியை டிராக் செய்தால் கிடைப்பது இடம் மட்டும். மயில் இடவலமும் மேல்கீழும் நகரும். கை கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, நீங்கள் ஓரடி முன்னால் போயிருந்தாலோ அது கண்டுகொள்ளாது.

இரண்டு புள்ளிகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. கோட்டின் நீளம் அளவு மாற்றத்தைச் சொல்லும், சாய்வு சுழற்சியைச் சொல்லும். இரண்டு சன்னல்களின் மேல் மூலைகளுக்கு இடையே முதல் ஃபிரேமில் 400 பிக்சல், கடைசி ஃபிரேமில் 480 பிக்சல் என்றால் மயில் கடைசியில் 120 சதவீதமாக இருக்க வேண்டும். புள்ளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. 40 பிக்சல் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்தால் ஒரு பிக்சல் பிழைகூட அளவை இரண்டரை சதவீதம் ஆட்டிவிடும், மயில் மூச்சுவிடுவது போல் பெருத்துச் சிறுக்கும்.

நான்கு மூலைகளும் தெரிந்தால் சாய்கோணப் பார்வையும் வந்துவிடும். பக்கத்திலிருந்து பார்க்கும் சுவர் செவ்வகமாகத் தெரியாது, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் தெரியும். கார்னர் பின் என்ற தெரிவு படத்தின் நான்கு மூலைகளையும் அந்த நான்கு இடங்களில் இழுத்துக் கட்டிவிடும். கைபேசித் திரைக்குள், பேருந்து நிறுத்த விளம்பரப் பலகைக்குள் வேறு படம் வைப்பதெல்லாம் இப்படித்தான்.

ஆனால் நான்கு புள்ளிகளில் ஒன்று தடுமாறினாலும் முழுப் படமும் கோணும். அதனால்தான் பரப்பையே டிராக் செய்யும் முறை வந்தது, பிளேனர் டிராக்கிங் என்பார்கள். புள்ளிகளுக்குப் பதிலாகச் சுவரின் ஒரு பெரிய பகுதியைச் சுற்றிக் கோடு போடுகிறோம். அதற்குள் உள்ள காரை, சட்டம், அழுக்கு, விரிசல் எல்லாவற்றையும் சேர்த்து, இந்தத் தட்டையான பரப்பு மொத்தமாக எப்படி நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. நடுவில் ஒரு சிறு பகுதி மறைந்தாலும் மீதி கைகொடுக்கும். இந்த முறையைப் பரவலாக்கிய மோக்கா மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு 2013இல் ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதன் சிறிய பதிப்பு ஒன்று ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு சேர்ந்தே வருகிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஃபியூஷன் பக்கத்திலேயே பிளேனர் டிராக்கர் உண்டு. பிளெண்டர் முழுக்க இலவசம், அதிலும் செய்யலாம். சுவர், பலகை, திரை, புத்தக அட்டை, ஈரடுக்குப் பேருந்தின் பக்கவாட்டு என்று தட்டையான எதுவாக இருந்தாலும் நான் முதலில் போவது பிளேனருக்குத்தான்.

இதில் ஒரு நுணுக்கம். மயில் எங்கே வரப்போகிறதோ அந்தச் சிறு இடத்தைச் சுற்றி மட்டும் கோடு போடத் தோன்றும். அது வெற்றுச் சுவராக இருந்தால் மறுபடியும் பழைய கதைதான். அதே சமதளத்தில் விவரம் நிறைந்த பெரிய பகுதியைச் சுற்றிக் கோடு போடுங்கள், சன்னல் சட்டங்களையும் சேர்த்து. உள்ளே கண்ணாடி இருந்தால் அதை மட்டும் இன்னொரு கோடு போட்டு விலக்குங்கள். டிராக் செய்யும் இடமும் ஒட்டும் இடமும் ஒரே பரப்பில் இருந்தால் போதும், ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை.

கேமராவின் நகர்வையே முப்பரிமாணத்தில் கணக்கிடும் முறையும் இருக்கிறது. நடந்துகொண்டே எடுத்த காட்சியில், தரையில் ஒரு கோலம், தூரத்தில் ஒரு தேர் என்று பல ஆழங்களில் பொருள்கள் வைக்க வேண்டுமென்றால் அது தேவைப்படும். ஒரு மயிலுக்கு வேண்டாம்.

அசைவைக் கைமாற்றுவது

டிராக் முடிந்ததும் உங்களிடம் இருப்பது எண்களின் பட்டியல்: எந்த ஃபிரேமில் சுவர் எங்கே இருந்தது என்று. அதை நேரடியாக மயிலுக்குக் கொடுத்துவிட்டால் மயில் போய் டிராக் புள்ளியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதை இரண்டு அங்குலம் தள்ளி வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதற்கு நல் ஆப்ஜெக்ட் என்றொரு காலி லேயர் (அடுக்கு) இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அசைவை மட்டும் சுமக்கும். எண்களை அதற்குக் கொடுங்கள். பிறகு டிராக்கைத் தொடங்கிய ஃபிரேமுக்கே போய், மயிலைச் சுவரில் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் வைத்து, அதன் பேரன்ட்டாக அந்தக் காலி லேயரைக் காட்டுங்கள். இனி அது போகுமிடமெல்லாம் மயிலும் போகும். மயிலைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டுமா, தாராளமாக ஏற்றலாம், டிராக் கெடாது. மயிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு குத்துவிளக்கை வைத்தாலும் மறுபடி டிராக் செய்ய வேண்டியதில்லை.

இதே எண்களைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. சுவர் 38 பிக்சல் இடப்பக்கம் போனது என்றால், காட்சி முழுவதையும் 38 பிக்சல் வலப்பக்கம் தள்ளினால் சுவர் நின்றுவிடும். ஸ்டெபிலைஸ் என்பது இதுதான். சுவர் அசையாமல் நிற்கும்போது அதன் மேல் மயிலை ஒட்டுவதும், நிழல் வரைவதும், ஓரத்தைச் சரிசெய்வதும் எவ்வளவு எளிது! எல்லாம் முடிந்தபின் பழைய அசைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காட்சி முன்போலவே நகரும், மயிலும் அதோடு நகரும். நுணுக்கமான ஒட்டு வேலைகளில் இது பெரிய உதவி.

கைமாற்றும்போது அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4கே காட்சியில் (அகலம் 3840 பிக்சல்) டிராக் செய்து, 1080 டைம்லைனில் (அகலம் 1920) அந்த எண்களை அப்படியே போட்டால் மயில் இரண்டு மடங்கு தூரம் ஓடும்.

நழுவலும் நடுக்கமும்

ஓட்டிப் பார்க்கிறீர்கள். தொடக்கத்தில் சரியாக இருக்கும் மயில், கடைசியில் சன்னலை இடிக்கிறது. இது நழுவல். டிராக்கர் ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டுக்கொண்டு போனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஃபிரேமுக்குப் பத்தில் ஒரு பிக்சல் பிழை, அதுவும் ஒரே பக்கமாக என்றால் 250 ஃபிரேமில் 25 பிக்சல். முதல் ஃபிரேமில் மனப்பாடம் செய்ததையே கடைசிவரை வைத்துத் தேடச் சொன்னால் இந்தச் சேர்மானம் இராது, ஆனால் வெளிச்சமோ கோணமோ மாறியதும் அடையாளம் தெரியாமல் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்யத்தான் டிராக்கர்களில் அத்தனை தெரிவுகள்.

நடைமுறையில் நல்ல வழி, முதல் ஃபிரேமிலிருந்து தொடங்காமல் இருப்பது. சுவர் மிகத் தெளிவாகவும் பெரிதாகவும் தெரியும் ஃபிரேம் நடுவில் எங்காவது இருக்கும். அங்கே தொடங்கி முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை டிராக் செய்யுங்கள். பிழை சேரும் தூரம் பாதியாகும். அப்படியும் நழுவினால் இரண்டு முனைகளில் மட்டும் மயிலின் இடத்தைத் திருத்தி இரண்டு கீஃபிரேம் (இடத்தைக் குறித்துவைக்கும் ஃபிரேம்) வையுங்கள், நடுவில் உள்ளதை மென்பொருள் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் தட்டித் தட்டி நகர்த்தினால் அது அடுத்த நோயைக் கொண்டுவரும்.

அந்த நோய் நடுக்கம். மயில் சுவரில் துடிப்பது போல் தெரியும். உடனே கை போகுமிடம் ஸ்மூத் பட்டன். ஆனால் கையில் பிடித்து எடுத்த காட்சியில் நிஜமான அதிர்வு இருக்கிறது; சுவர் உண்மையாகவே ஆடுகிறது. மயிலின் பாதையை வழவழப்பாக்கினால் சுவர் ஆட, மயில் ஆடாமல் மிதக்கும். பெரும்பாலும் தேவை, இன்னும் நல்ல புள்ளி அல்லது இன்னும் பெரிய பரப்பு. காட்சியை 400 சதவீதம் பெரிதாக்கி, மயிலின் காலும் பக்கத்துச் சன்னல் மூலையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

அசைவு சரி, ஆனாலும் ஒட்டியது போல்தான் இருக்கிறது

இது டிராக்கரின் குற்றமில்லை. முதலில் கறுப்பைப் பாருங்கள். பகல் காட்சியில் சன்னலின் நிழல்கூட முழுக் கறுப்பாக இராது, சாம்பல் கலந்து இருக்கும். மயிலின் கழுத்து மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தால் தனியே துருத்தும். அதன் கறுப்பைச் சற்று உயர்த்தி, சன்னல் நிழலோடு ஒப்பிட்டுச் சமமாக்குங்கள். அடுத்தது கலக்கும் முறை. சுவரில் வரைந்த ஓவியமாகக் காட்ட வேண்டுமென்றால் பிளெண்ட் மோடை மல்டிப்ளைக்கு மாற்றிப் பாருங்கள், காரையின் சொரசொரப்பும் விரிசலும் மயிலின் ஊடாகத் தெரியும். இந்த ஒரு மாற்றம் மணிக்கணக்கான நிறத்திருத்தத்தைவிட அதிகம் உதவும். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். மயிலுக்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டாதீர்கள். நம்மூர் நண்பகல் வெயிலில் கைபேசி ஷட்டரை மிகக் குறுகிய நேரமே திறக்கும். கேமரா திரும்பினாலும் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும். அங்கே மயிலுக்கு மட்டும் மங்கல் சேர்த்தால் பொருந்தாது. இரவு ஒளியூட்டில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் விளக்குகளே கோடாக இழுபடும், அங்கே மயிலுக்கும் அதே நீளத்துக்கு இழுப்பு வேண்டும்.

பிறகு குறுக்கே வருகிறவர்கள். 10 விநாடி முழுக்க அந்த வீட்டின் முன்னால் யாரும் நடக்காமல் இருப்பது லிட்டில் இந்தியாவில் நடக்கிற காரியமா? ஒருவர் சுவருக்கு முன்னால் போகும்போது மயில் அவர் முதுகில் தெரிந்தால் எல்லாம் போயிற்று. காட்சியின் இன்னொரு நகலை மயிலுக்கு மேலே வைத்து, அந்த நபரைச் சுற்றி மட்டும் மாஸ்க் போட வேண்டும். இப்போதுதான் முதல் வகை மாஸ்க் தேவைப்படுகிறது, ஃபிரேமுக்கு ஃபிரேம் நகரும் மாஸ்க். ரோட்டோஸ்கோப் என்ற இந்த வேலை கணினிக்கு முந்தியது. படச்சுருளை ஒவ்வொரு ஃபிரேமாகப் படிய வரையும் கருவிக்கு மேக்ஸ் ஃபிளைஷர் 1917இலேயே காப்புரிமை பெற்றார். இன்று தானாக ஆளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் ஏராளம். ஆள் வேகமாகக் கடந்து போனால் அவையே போதும். முடி, சேலை முந்தானை, பையின் வார் இவற்றில் மட்டும் கையால் திருத்த வேண்டிவரும்.

எடுக்கும்போதே பாதி வேலை

சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்குகளும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/60இல் இருந்தால் காட்சியில் வெளிச்சம் அலையலையாக ஏறி இறங்கும், டிராக்கர் மனப்பாடம் செய்த வெளிச்சமும் அதோடு மாறும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். கைபேசியின் சொந்தக் கேமராச் செயலியில் ஷட்டரைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் அதற்கென்று உள்ள செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். 30 என்று காட்டும், உண்மையில் சில இடங்களில் 28, சில இடங்களில் 30 என்று இருக்கும். இந்த வீடியோவை அப்படியே டிராக் செய்தால் எல்லாம் சரியாக இருந்து, ஏற்றுமதி செய்தபின் மயில் ஒரு ஃபிரேம் பின்தங்கி வரலாம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மிக வேகமாகத் திருப்பி எடுக்காதீர்கள். கைபேசியின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் செங்குத்துச் சட்டங்கள் சாய்ந்துவிடும், மயில் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அகலக் கோண லென்ஸும் வேண்டாம், ஓரங்களில் சுவரை வளைத்துவிடும்.

முதல் பயிற்சிக்கு கெர்பாவ் ரோடு வரை போக வேண்டுமென்பதில்லை. வீவக புளோக்கின் பக்கச் சுவரில் புளோக் எண் பெரிதாக எழுதியிருக்கும். தட்டையான பரப்பு, அழுத்தமான நிற வேறுபாடு, எண்ணின் வளைவிலும் முனையிலும் நல்ல மூலைகள், பக்கத்தில் அதற்கு இரட்டையும் இல்லை. காலை வெயில் நேராக விழும் நேரத்தில், கீழே நின்ற இடத்திலேயே கைபேசியை மெதுவாகத் திருப்பி 10 விநாடி எடுங்கள். எண்ணைச் சுற்றிக் கோடு போட்டு பிளேனர் டிராக் செய்து, அதன் கீழுள்ள வெற்று இடத்தில் உங்கள் படத்தை வைத்துப் பாருங்கள். மரக்கிளை எண்ணை மறைத்தால் சிரமப்படாமல் அடுத்த புளோக்குக்குப் போய்விடுங்கள்.